டாக்டருக்குப் பக்கத்தில் ஒரு கணினி

நோயைக் கண்டறிய மருத்துவருக்குக் கைகொடுக்கும் மென்பொருள்களுக்கு ஐம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அவை எப்படிக் கட்டப்படுகின்றன, எங்கே ஜெயித்தன, எங்கே சறுக்கின? நம் மருத்துவமனைகளுக்குள் அவை நுழைந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஓர் அலசல்.

நள்ளிரவில் ஒருவரைக் கடுமையான வயிற்றுவலியோடு கேஷுவாலிட்டிக்குக் கொண்டுவருகிறார்கள். டூட்டியில் இருப்பவர் படிப்பை முடித்துச் சில மாதங்களே ஆன இளம் டாக்டர். வலிக்குக் காரணம் குடல்வால் அழற்சி என்றால் சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். தாமதித்தால் குடல்வால் வெடித்து, தொற்று வயிறு முழுக்கப் பரவும். தானாகவே அடங்கிவிடும் வலி என்றால், வயிற்றைத் திறப்பது வீண் வேலை; மயக்க மருந்தின் ஆபத்தும் தழும்பும்தான் மிச்சம். காத்திருந்து பார்ப்பதா, சர்ஜனை எழுப்புவதா? நினைத்தவுடன் ஸ்கேன் எடுக்க முடியாத 1970களின் தொடக்கத்தில், கையால் தொட்டுப் பார்த்தும் கேள்வி கேட்டும்தான் இதற்கு விடை காண வேண்டியிருந்தது.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டிம் டி டோம்பல் என்ற மருத்துவரும் அவரது குழுவும் இந்தக் கேள்வியைக் கணினியிடம் கொண்டுபோனார்கள். அவர்கள் கட்டிய அமைப்பு, முடிவெடுக்க உதவும் கணினி அமைப்புகளின் வரலாற்றில் ஒரு மைல்கல். வங்கியில் கடன் விண்ணப்பத்தை எடைபோட உதவுவதும், அணையிலிருந்து எவ்வளவு நீர் திறக்கலாம் என்று கணித்துச் சொல்வதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த மென்பொருள்கள்தான். முடிவு மனிதருடையது, அதற்கு வேண்டிய தகவலையும் கணக்கையும் உரிய நேரத்தில் எடுத்துக் கொடுப்பது கணினியின் வேலை.

இந்த அமைப்புகளின் வரலாற்றைப் படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவாகிறது. கணக்கை எழுதுவது இதில் சிறிய வேலை. எந்தக் கேள்விகளைக் கேட்பது, அவற்றை எல்லோரும் ஒரே மாதிரி கேட்கச் செய்வது எப்படி, விடையை யார் கையில் எந்த நேரத்தில் கொடுப்பது என்பதில்தான் வெற்றியும் தோல்வியும் இருக்கின்றன.

லீட்ஸில் நடந்தது

டி டோம்பலின் குழு முதலில் எல்லையை வகுத்துக்கொண்டது. எல்லா நோய்க்கும் விடை தேடாமல், திடீர் வயிற்றுவலி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். குடல்வால் அழற்சி, பித்தப்பை அழற்சி, கணைய அழற்சி, துளைவிழுந்த வயிற்றுப்புண், சிறுகுடல் அடைப்பு, பெருங்குடலில் பைபோலப் புடைத்த இடங்களில் வரும் அழற்சி, குறிப்பிட்ட காரணம் சொல்ல முடியாத வலி என ஏழு விடைகளை வைத்துக்கொண்டார்கள். ஏற்கெனவே சிகிச்சை பெற்ற நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி, எந்த நோயில் எந்த அறிகுறி எத்தனை பேருக்கு இருந்தது என்று எண்ணிக் கணினியில் ஏற்றினார்கள்.

பிறகு வந்த 304 நோயாளிகளுக்கு டாக்டர்கள் ஒருபக்கம் தங்கள் முடிவைச் சொன்னார்கள்; கணினி மறுபக்கம் தன் கணிப்பைச் சொன்னது. உண்மையான காரணம் பிற்பாடு தெரியவந்தபோது இரண்டையும் ஒப்பிட்டார்கள். 1972-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வெளியானது. கணினி 91.8 சதவீதம் சரி. நோயாளியைப் பார்த்தவர்களில் மிக மூத்த மருத்துவரின் கணிப்பு 79.6 சதவீதம் சரி.

உள்ளே ஓடும் கணக்கு

இந்த வெற்றிக்குப் பின்னால் இருந்தது, 18-ம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் நிகழ்தகவுத் தேற்றம். மருத்துவத்துக்கு இது பொருந்தும் என்பதை ராபர்ட் லெட்லியும் லீ லஸ்டெடும் 1959-லேயே 'சயன்ஸ்' இதழில் எடுத்துக்காட்டியிருந்தார்கள்.

கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்க்கலாம். புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை. வயிற்றுவலியோடு 1,000 பேர் வருகிறார்கள். அவர்களில் 250 பேருக்குக் குடல்வால் அழற்சி, 750 பேருக்கு வேறு காரணம். புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்ததும், எதுவும் கேட்பதற்கு முன்பே, அவருக்குக் குடல்வால் அழற்சி இருக்க 25 சதவீத வாய்ப்பு.

முதல் கேள்வி: வலி தொப்புளைச் சுற்றித் தொடங்கி, பிறகு வலது அடிவயிற்றுக்கு நகர்ந்ததா? குடல்வால் அழற்சி உள்ளவர்களில் 60 சதவீதம் பேர் 'ஆம்' என்பார்கள், மற்றவர்களில் 10 சதவீதம் பேர் மட்டுமே அப்படிச் சொல்வார்கள் என்று வைத்துக்கொள்வோம். 250-ல் 150 பேர், 750-ல் 75 பேர். ஆக 'ஆம்' என்ற 225 பேரில் 150 பேருக்குக் குடல்வால் அழற்சி. ஒரே கேள்வியில் வாய்ப்பு 25-லிருந்து ஏறத்தாழ 67 சதவீதத்துக்கு ஏறிவிட்டது.

அடுத்த கேள்வி: வயிற்றில் அழுத்திய கையைச் சட்டென்று எடுக்கும்போது வலி சுருக்கென்று கூடுகிறதா? இதற்கு 'ஆம்' என்பவர்கள் முன்னவர்களில் 80 சதவீதம், பின்னவர்களில் 40 சதவீதம் என்றால், 150-ல் 120 பேரும் 75-ல் 30 பேரும் மிஞ்சுவார்கள். இப்போது வாய்ப்பு 80 சதவீதம். இப்படி ஒவ்வொரு பதிலும் வாய்ப்பை ஏற்றும் அல்லது இறக்கும். ஏழு நோய்களுக்கும் இதே கணக்கைப் போட்டு, எது முன்னால் நிற்கிறது என்று காட்டுவதுதான் அந்த அமைப்பு.

இந்தக் கணக்கில் ஒரு துணிச்சலான அனுமானம் இருக்கிறது: ஒரு நோயில் ஓர் அறிகுறி தோன்றுவதற்கும் இன்னொன்று தோன்றுவதற்கும் தொடர்பே இல்லை என்று அது எடுத்துக்கொள்கிறது. உடம்பு அப்படி இயங்குவதில்லை. ஆனாலும் நடைமுறையில் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே வந்தது.

அதைவிட முக்கியமான பலவீனம் தொடக்க எண்ணில் இருக்கிறது. வேறோர் ஊரில், வரும் 1,000 பேரில் 100 பேருக்குத்தான் குடல்வால் அழற்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே இரண்டு கேள்விகள், அதே 'ஆம்' பதில்கள். அங்கே கணக்கு 48 பேருக்கு 36 பேர் என்று முடிகிறது. வாய்ப்பு 57 சதவீதம்தான். லீட்ஸ் எண்களை அப்படியே சுமந்துபோகும் கணினி அந்த ஊர்க்காரரிடமும் 80 சதவீதம் என்றே சொல்லும். தேவையில்லாமல் வயிறுகள் திறக்கப்படும். லீட்ஸ் தரவை டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது துல்லியம் கணிசமாகக் குறைந்தது. ஓர் ஊரில் ஜெயித்த அமைப்பை இன்னோர் ஊரில் சோதிக்காமல் நம்பக் கூடாது என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

டாக்டரைத் திருத்திய படிவம்

லீட்ஸ் கதையில் என்னை மிகவும் ஈர்த்தது கணினியின் மதிப்பெண் அல்ல. 1974-ல் அதே குழு வெளியிட்ட அடுத்த கட்டுரையில் இருப்பது அதைவிடப் பெரிய செய்தி: சோதனை நடந்த காலத்தில் டாக்டர்களின் கணிப்பே மேம்பட்டுவிட்டது. அறுவை சிகிச்சைக்கு முன்பே வெடித்துவிடும் குடல்வால்களின் விகிதம் 36 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைந்தது. வீணாக வயிற்றைத் திறப்பதும் வெகுவாகக் குறைந்தது. 1972 ஆகஸ்டில் சோதனை முடிந்ததும் இரண்டும் மறுபடி பழைய நிலையை நோக்கி ஏறத் தொடங்கின.

ஏன்? கணினிக்குத் தகவல் தர வேண்டுமென்றால் ஒரு படிவத்தை முழுமையாக நிரப்ப வேண்டும். வலி எங்கே தொடங்கியது, இப்போது எங்கே இருக்கிறது, எத்தனை மணி நேரமாக, எதனால் கூடுகிறது, எதனால் தணிகிறது, வாந்தி உண்டா, பசி எப்படி என்று ஒன்றையும் விடாமல் கேட்க வேண்டும். அவசரத்தில் பாதிக் கேள்விகளைத் தாண்டிப்போகும் பழக்கத்துக்கு அங்கே இடமில்லை. அதோடு, தங்கள் கணிப்பு சரியா தவறா என்ற விவரமும் டாக்டர்களுக்குத் திரும்பி வந்தது. தங்கள் தவறு எங்கே நேர்கிறது என்று அவர்களால் பார்க்க முடிந்தது.

இது ஓர் ஊர் அதிசயம் மட்டும்தானா என்ற சந்தேகத்துக்கு 1986-ல் பதில் கிடைத்தது. பிரிட்டனில் 8 மையங்களில் 250-க்கும் மேற்பட்ட டாக்டர்களும் 16,737 நோயாளிகளும் பங்கேற்ற ஆய்வில், முதல் கட்டக் கணிப்பின் துல்லியம் 45.6 சதவீதத்திலிருந்து 65.3 சதவீதமாக உயர்ந்தது. வெடித்த குடல்வால்கள் 23.7-லிருந்து 11.5 சதவீதமாகக் குறைந்தன. இத்தனைக்கும் கணினி ஒரு நோயாளியைக்கூடத் தொடவில்லை. மனிதரை ஒழுங்காகக் கேட்கவும் யோசிக்கவும் வைத்தது; அந்த ஒழுங்குதான் உயிர் காத்தது.

'ஏன்?' என்று கேட்டால் பதில் சொன்னது

அதே 1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வேறொரு வழி பிறந்தது. எட்வர்ட் ஷார்ட்லிஃப் என்ற மாணவர், கணினி அறிஞர் புரூஸ் புக்கானன், மருத்துவர் ஸ்டான்லி கோஹன் ஆகியோருடன் சேர்ந்து 'மைசின்' என்ற அமைப்பை உருவாக்கினார். ரத்தத்தில் பரவும் பாக்டீரியா தொற்று, மூளைக்காய்ச்சல் ஆகியவற்றுக்கு எந்த ஆன்டிபயாடிக்கை எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்வது அதன் வேலை.

மைசினுக்குள் புள்ளிவிவரம் இல்லை; நிபுணர்கள் சொன்ன விதிகள் சுமார் 500 இருந்தன. "ரத்தத்தில் தொற்று இருக்கிறது, மாதிரி எடுத்த இடம் வழக்கமாகக் கிருமியே இல்லாத இடம், கிருமி குடல் வழியாக நுழைந்திருக்கலாம் என்றால், அது பாக்டீராய்டிஸ் வகையாக இருக்கக்கூடும், நம்பிக்கை 0.7" என்கிற மாதிரியான விதிகள். சந்தேகப்படும் முடிவிலிருந்து பின்னோக்கிப் போய், அதை உறுதிசெய்ய எந்தத் தகவல் தேவையோ அதை மட்டும் கேட்கும்.

டாக்டர் எந்த இடத்திலும் 'ஏன் இதைக் கேட்கிறாய்?' என்று தட்டச்சு செய்யலாம். எந்த விதிக்காக அந்தக் கேள்வி வந்தது என்று மைசின் காட்டும். முடிவைச் சொன்ன பிறகு 'இதற்கு எப்படி வந்தாய்?' என்றும் கேட்கலாம். மூத்த டாக்டரிடம் ஜூனியர் கேட்கும் அதே கேள்விகள். காரணம் தெரியாமல் ஓர் ஆலோசனையை ஏற்கும் டாக்டருக்கு, அது தப்பாகும்போது அதைத் தப்பு என்று அடையாளம் காண வழியில்லை. அதனால்தான் இந்த வசதியை நான் அலங்காரமாகப் பார்க்கவில்லை. பாதுகாப்பு ஏற்பாடாகவே பார்க்கிறேன்.

1979-ல் வெளியான ஒரு சோதனையில் 10 மூளைக்காய்ச்சல் நோயாளிகளின் விவரங்களை மைசினிடமும் ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்களிடமும் கொடுத்தார்கள். எது யாருடைய பரிந்துரை என்று தெரியாமல் வெளியிலிருந்து 8 நிபுணர்கள் மதிப்பிட்டார்கள். மைசினுக்கு 65 சதவீதம் ஒப்புதல். தொற்றுநோய்த் துறைப் பேராசிரியர்களுக்கு 42.5 முதல் 62.5 சதவீதம் வரை.

இருந்தும் மைசின் எந்த வார்டிலும் அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஒரு நோயாளிக்காக அரைமணி நேரம்வரை உட்கார்ந்து ஒவ்வொரு விவரமாகத் தட்டச்சு செய்ய எந்த டாக்டருக்கு நேரம் இருக்கும்? தப்பு நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு என்பதற்கும் விடை இல்லை. ஆனால் அதன் விதிகளை எடுத்துவிட்டு, சிந்திக்கும் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு 'பஃப்' என்ற இன்னோர் அமைப்பைக் கட்டினார்கள். நுரையீரல் பரிசோதனை முடிவுகளைப் படித்து அறிக்கை எழுதுவது அதன் வேலை. கருவியிலிருந்தே எண்கள் அதற்குக் கிடைத்தன. யாரும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மருத்துவமனையில் அது நிஜமாகவே பயன்பட்டது. அறிவில் பெரியது மைசின். வேலைக்கு வந்தது பஃப்.

மதுரை கொடுத்த படங்கள், தாய்லாந்து கற்பித்த பாடம்

இன்று மூன்றாவது வழியே பிரபலம். விதிகளை யாரும் எழுதித் தருவதில்லை. லட்சக்கணக்கான உதாரணங்களைக் காட்டினால் கணினி தானே கற்றுக்கொள்கிறது. சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று கண்ணின் படத்தைப் பார்த்துச் சொல்லும் கூகுளின் அமைப்பு இந்த வகை. 2016-ல் வெளியான அந்த ஆய்வில் 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு அதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொரு படத்தையும் பல கண் மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்துத் தரம் பிரித்தார்கள்; மொத்தம் 54 பேர். மதுரையில் பிறந்த அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னையின் சங்கர நேத்ராலயாவும் அந்த ஆய்வுக்குப் படங்கள் கொடுத்த நிறுவனங்களில் அடங்கும். உலகமே பேசிய அந்தக் கணினி கற்றுக்கொண்ட பாடத்தில் ஒரு பகுதி நம் மக்களின் கண்களிலிருந்து வந்தது.

ஆய்வுக்கூடத்தில் அசத்திய அந்த அமைப்பு தாய்லாந்தின் 11 கிளினிக்குகளுக்குப் போனது. அவற்றில் பெரும்பாலானவற்றில் இருட்டறை கிடையாது. ஒரே அறையில் பல நோயாளிகள், ஜன்னல் வெளிச்சம். முதல் ஆறு மாதங்களில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதாது என்று கணினி ஏற்க மறுத்தது. நர்ஸ் கண்ணால் பார்த்தே நன்றாக இருக்கிறது என்று சொல்லக்கூடிய படம் திருப்பி அனுப்பப்படும். நோயாளி தூரத்து மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். இணைய வேகம் குறைந்தால் வரிசை நகராது. இந்தக் குறைகளையும், அமைப்பை உருவாக்கியவர்களே ஆய்வு செய்து 2020-ல் வெளியிட்டார்கள். பாராட்ட வேண்டிய விஷயம் இது.

எல்லோரும் அப்படி இல்லை. உடலில் தொற்று முற்றி உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் நிலையை முன்கூட்டியே எச்சரிக்கும் என்று சொல்லி, அமெரிக்காவின் எபிக் நிறுவனம் உருவாக்கிய மென்பொருள் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் 38,455 அனுமதிகளை வைத்து வெளியார் பார்வையில் சோதித்த முடிவு 2021-ல் வெளியானது. செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரை அது தவறவிட்டிருந்தது. அதேநேரம் அனுமதிகளில் 18 சதவீதத்துக்கு எச்சரிக்கை மணி அடித்திருந்தது. பரவலாகப் பயன்பாட்டுக்கு வந்த பிறகுதான் இப்படியொரு சோதனை நடந்தது என்பதை நினைத்தால் கோபம் வருகிறது. ஒரு மாத்திரைக்கு வைக்கும் கட்டுப்பாட்டில் பாதியைக்கூட இங்கே வைக்கவில்லையே!

கட்டுகிறவர்கள் மறக்கக் கூடாதது

நல்ல அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஊகம் தேவையில்லை, ஆய்வு இருக்கிறது. கென்சாகு கவாமோட்டோவும் சகாக்களும் 70 ஆய்வுகளை அலசி 2005-ல் நான்கு அம்சங்களைக் கண்டார்கள். டாக்டர் தேடிப் போகாமல், வேலையின் ஓட்டத்திலேயே அது தானாக வர வேண்டும். நிலைமையைச் சொல்வதோடு நிற்காமல், என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும். முடிவெடுக்கும் நேரத்திலும் இடத்திலும் கிடைக்க வேண்டும். கணினி வழியாக வர வேண்டும். இந்த நான்கும் சேர்ந்திருந்த 32 அமைப்புகளில் 30 அமைப்புகள் சிகிச்சையை மேம்படுத்தின.

எதிர்ப்பக்கத்தில் நிற்பது எச்சரிக்கை வெள்ளம். மருந்துச் சீட்டு எழுதும்போது கணினி காட்டும் எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்கள் தாண்டிப்போகிறார்கள் என்று 2006-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. எல்லாவற்றுக்கும் குரைக்கும் நாயை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பத்து எச்சரிக்கைகளில் எந்த ஒன்பதை நிறுத்தலாம் என்று முடிவு செய்வதும் அமைப்பைக் கட்டும் வேலையில் சேர்ந்தது. அந்த வேலையை வார்டில் உட்கார்ந்து, நர்ஸ்களோடும் டூட்டி டாக்டர்களோடும் பேசித்தான் செய்ய முடியும்.

கட்டி முடித்தாலும் வேலை முடியாது. புதிய மருந்து வருகிறது, கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போகின்றன, வருகிற நோயாளிகள் மாறுகிறார்கள். விதிகளையும் எண்களையும் புதுப்பிக்கும் பொறுப்பாளரும் அதற்கான பணமும் இல்லாத அமைப்பு, சில ஆண்டுகளில் பழைய அறிவைப் புதுத் திரையில் காட்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. எந்த ஒரு முடிவுக்கு இது உதவுகிறது? 'எல்லாவற்றுக்கும்' என்பது பதிலானால் யோசிக்க வேண்டும்.

2. யாருடைய தரவில் கற்றது? நம் நோயாளிகள் அதில் உண்டா?

3. நம் மருத்துவமனையில், யாருக்கும் ஆலோசனை காட்டாமல் பின்னணியில் சில மாதம் ஓடவிட்டுச் சோதித்தார்களா?

4. ஏன் இப்படிச் சொல்கிறது என்று டாக்டர் கேட்டால், புரியும்படி பதில் வருமா?

5. ஆண்டுதோறும் யார் புதுப்பிப்பார்கள்? தப்பு நேர்ந்தால் யார் பதில் சொல்வார்கள்?

நாம் எங்கே தொடங்குவது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்கான நெறிமுறைகளை 2023-ல் வெளியிட்டது. நல்ல தொடக்கம். ஆனால் நெறிமுறை காகிதத்தில் இருந்தால் போதாது. வாங்கும் இடத்தில் அமலாக வேண்டும்.

வெளியில் நோயாளிகள் நெருக்கியடித்து நிற்க, ஒருவருக்குச் சில நிமிடங்களே ஒதுக்க முடிகிற நம் அரசு மருத்துவமனை டாக்டர்களைவிட இந்த உதவி யாருக்கு அதிகம் தேவை? இந்த அமைப்புகள் வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதே காரணத்துக்காகவே அவை அரைகுறையாக வந்துவிடக் கூடாது என்றும் வலியுறுத்துகிறேன். தப்பான ஆலோசனையைச் சந்தேகித்துச் சரிபார்க்க நேரம் இல்லாத இடமும் அந்த அரசு மருத்துவமனைதான்.

லீட்ஸ் அனுபவப்படி பார்த்தால் முதல் படிக்குப் பெரிய செலவே இல்லை. நன்றாக வடிவமைத்த, எல்லோரும் ஒரே மாதிரி நிரப்பும் கேஸ் ஷீட் ஒன்று. கணிப்பு சரியா தவறா என்று டாக்டருக்குத் திரும்பச் சொல்லும் ஏற்பாடு ஒன்று. இவை இரண்டும் இல்லாத மருத்துவமனையில் எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளை நிறுவினாலும், அரைகுறைத் தகவலை வாங்கி அரைகுறை விடையைத்தான் தரும்.

இரண்டாவது படி அரசின் கையில் இருக்கிறது. பொதுப்பணத்தில் வாங்கும் எந்த மருத்துவ முடிவு உதவி மென்பொருளும், முதலில் தமிழ்நாட்டு நோயாளிகளிடம் சோதிக்கப்பட வேண்டும். அந்த முடிவு, சாதகமோ பாதகமோ, மக்கள் பார்வைக்கு வர வேண்டும். டெண்டரின் முதல் நிபந்தனையாக இதை எழுதுங்கள். விலையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.